ஏழு பேருக்கும் ஒரே முடிவு

அந்த ஊர் உண்டாவதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர்கள் அவர்கள். அதனால் இப்போது ஊருக்கு வெளியே இருந்தார்கள். பேருந்து திரும்பிப் போகும் இடத்துக்கும் மேலே, தகரக் கூரை போட்ட கொஞ்சம் வீடுகள். ஊர்க்காரர்கள் அவர்களை "மேலே இருக்கறவங்க" என்றார்கள். அவர்கள் ஊர்க்காரர்களை "பிறகு வந்தவங்க" என்றார்கள். இரண்டுமே உண்மை என்பதால் பேச்சு வளரவில்லை.

மேலே இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு வனத்துறையின் நாற்றங்காலில் வேலை. பச்சை நிழல்வலைக்குக் கீழே உட்கார்ந்து, சலித்த மண்ணையும் மணலையும் மக்கிய எருவையும் கலந்து, கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி அடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரிசை. சாயங்காலம் மேஸ்திரி வந்து பார்க்கும்போது வரிசை நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருத்திக்குத் தலைவலி என்றாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் எழுந்து போனாலோ, பக்கத்தில் இருப்பவள் அந்த வரிசையையும் நிரப்பி வைத்துவிடுவாள். மேஸ்திரிக்கும் இது தெரியும். எந்தக் கை நிரப்பியது என்பது செடிக்குத் தெரியாது என்பதால் அவரும் கேட்பதில்லை. இதை அந்தப் பெண்கள் உதவி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். கேட்டால், வேலை என்பார்கள்.

எல்லாரையும்விடக் கை வேகம் அண்ணிக்கு. நாலு அண்ணன் தம்பிகளில் மூத்தவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததால் வீட்டில் அண்ணி. வீட்டைப் பார்த்துத் தெருவும், தெருவைப் பார்த்து நாற்றங்காலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டன. மேஸ்திரிக்கும் அண்ணிதான், அவளைவிடப் பத்து வயது மூத்த காவல்காரருக்கும் அண்ணிதான். சொந்த மாமியாரே ஒருமுறை வாய் தவறி அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு, அன்று பொழுது சாயும்வரை ஒருவரிடமும் பேசவில்லையாம்.

கீழே ஊருக்குள் யாருக்கு என்ன காரியம் என்றாலும் அண்ணிதான் போவாள். மின்சார அலுவலகத்துக்கு அவள். பள்ளிக்கூடத்துக்கு அவள். காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொல்லக் காவல் நிலையத்துக்கும் அவள்தான் போனாள். ஆடு அவளுடையது அல்ல. மற்றவர்கள் கூச்சப்பட்டார்கள். அண்ணிக்கு மட்டும் கூச்சம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய ஒரு வருஷமாக அண்ணிக்கு வரக்கூடாத நாட்களில் இரத்தம் பட்டது. ஐம்பதை நெருங்கும் வயது, நிற்கும் நேரத்தில் இப்படித்தான் இருக்கும் என்று அவளே முடிவு செய்து, அவளே ஒப்புக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டாள். அவளுக்காகக் கீழே போக யாரும் இல்லாததால் அந்தக் காரியம் மட்டும் அப்படியே கிடந்தது.

பேருந்து திரும்பும் இடத்தில் ஒரு சுகாதார நிலையம் இருந்தது. அதில் ஒரு நர்ஸம்மா. பிறகு வந்தவர்களில் ஒருத்திதான் என்றாலும், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறவள், கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறவள் என்று நல்ல பெயர் வாங்கியிருந்தாள். முந்தைய மழைக்காலத்தில் மேலே ஒரு பெண் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனாள். முன்னமே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றிலிருந்து நர்ஸம்மா ஒவ்வொரு வீடாக ஏறி, ஒரு தடவை வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாரும் வருகிறோம் என்றார்கள். ஒருத்தியும் வரவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தச் சுகாதார நிலையத்தின் பரிசோதனை அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். அந்தத் திரையும் முழங்காலோடு நின்றுவிடும். வெளியே பெஞ்சில் ஊசிக்காகக் காத்திருக்கும் ஆண்களுக்குத் திரைக்குக் கீழே செருப்புத் தெரியும். யார் செருப்பு எது என்று தெரியாத அளவுக்கு அது பெரிய ஊர் அல்ல. உள்ளே போனவள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் அவள் புருஷனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

அது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால், அண்ணிக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது, ஒரு வெள்ளை வண்டி மேலே வந்தது. பெண்களுக்குச் சத்து ஊசி என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடக் கட்டடத்தில் பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் படுக்க வைத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது தொப்புளுக்குக் கீழே தையல் இருந்தது. ஆளுக்கு ஒரு போர்வை கொடுத்தார்கள், நல்ல போர்வை. அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறிய யாருக்கும் பிள்ளை பிறக்கவில்லை. என்ன செய்தோம் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. அண்ணிக்கு அப்போது கையில் ஒரு பெண் குழந்தை. அந்த ஒன்றோடு சரி.

ஆகவே, நர்ஸம்மா எவ்வளவு நல்லவளாக இருந்தும், படுங்கள் என்று அவள் சொன்ன உடனே மேலே இருந்த பெண்களுக்கு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்துவிடும்.

பிறகு ஒரு நாள் நர்ஸம்மா நாற்றங்காலுக்கு ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். இனிமேல் படுக்க வேண்டாம், யாரும் பார்க்க வேண்டாம், நீங்களே எடுத்துக் கொடுக்கலாம் என்றாள். பெட்டிக்குள் சின்னச் சின்ன மூடிபோட்ட குழாய்கள், ஒவ்வொன்றோடும் நுனியில் மெல்லிய பஞ்சு வைத்த ஒரு குச்சி. கையைக் கழுவிக்கொண்டு, குச்சியை உள்ளே விட்டு, மெதுவாகச் சுற்றி, எடுத்துக் குழாய்க்குள் போட்டு மூடிவிட வேண்டும். அந்த நோயைக் கொண்டுவரும் கிருமி இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் செய்யலாம். எப்படிச் சுற்றுவது என்று தன் இடது கையை மூடிப் பிடித்து, அதற்குள் குச்சியை விட்டு நர்ஸம்மா காட்டினாள். பெண்கள் எல்லாரும் மரியாதையாக நிழல்வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். நர்ஸம்மா ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொருத்தி பெயரை ஒட்டிக் கொடுத்தாள். மத்தியானம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனாள்.

குழாயைக் கையில் வாங்கியதும் ஏழு பேரும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். முதலில் பேசியது நாத்தனார். அண்ணியின் புருஷனுக்குத் தங்கை. அண்ணிக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நாற்றங்காலிலேயே நீளமான நாக்கு அவளுடையது. இந்தக் குச்சியில் என்ன மருந்து தடவியிருக்கிறதோ என்றாள். அன்றைக்கு ஊசி என்று சொன்னார்கள், இன்றைக்குக் குச்சி என்று சொல்கிறார்கள் என்றாள். மூன்றாவது தம்பியின் பெண்டாட்டியை எல்லாரும் சின்னவள் என்பார்கள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவள் குழாயைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் நர்ஸம்மாவை வெறும் கையோடு அனுப்பவும் மனசு வரவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறவள் அல்லவா.

அண்ணி தன் வரிசையை விட்டு எழுந்தாள். ஏழு குழாய்களையும் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க. எனக்கு ஆகவேண்டியது எப்பவோ ஆயாச்சு. இனிமே புதுசா என்ன ஆயிடப் போவுது?"

யாரும் தடுக்கவில்லை. தலைவலிக்காரியின் வரிசையை நிரப்புவதை யார் தடுப்பார்கள்? நாற்றங்காலின் மூலையில் தகரக் கதவு போட்ட கழிப்பறை இருந்தது. அண்ணி அதற்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. மேஸ்திரி இரண்டு தடவை அந்தப் பக்கம் போய், அண்ணிக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். சின்னவள், இல்லை, வேலையாக இருக்கிறார்கள் என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அண்ணி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஒவ்வொரு குச்சிக்கும் கையைக் கழுவினாள். ஒவ்வொன்றையும் நர்ஸம்மா காட்டிய மாதிரியே சுற்றினாள். வாங்கிய வரிசையிலேயே வைத்துக்கொண்டதால் எந்தக் குழாயும் எந்தப் பெயரும் மாறவில்லை. நாத்தனாருடையதை மட்டும், அவள் பேசிய பேச்சுக்குக் கொஞ்சம் வேகமாகச் சுற்றியதாகப் பிறகு சொன்னாள். மத்தியானம் நர்ஸம்மா வந்தபோது ஏழும் ஈரத்துணியில் சுற்றித் தயாராக இருந்தன. நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வர ஒரு மாதம் ஆயிற்று. இவ்வளவு ஒழுங்காக எடுக்கப்பட்ட மாதிரிகள் இந்தப் பக்கத்திலிருந்து வந்ததே இல்லை என்று முதலில் பாராட்டியிருந்தார்கள். ஏழிலும் கிருமி இருக்கிறது என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள். ஏழிலும் ஒரே வகை. அதுவும் மோசமான வகை.

நர்ஸம்மா அன்று நாற்றங்காலுக்கு வரும்போதே முகம் செத்துப்போயிருந்தது. எரு மூட்டை அடுக்கிய அறையைக் கேட்டு வாங்கி, இரண்டு மூட்டைகளை எதிரெதிராகப் போட்டு, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். ஒருத்தி முடிவு இன்னொருத்திக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம்.

முதலில் நாத்தனார் போனாள். நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிருமி இருக்கிறது, ஆனால் கிருமி இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, கல்யாணமான பெண்களில் ரொம்பப் பேருக்கு வந்து தானாகப் போய்விடும், நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும் என்று சொன்னாள்.

"எனக்கா?" என்றாள் நாத்தனார்.

"ஆமாம்மா. உங்களுக்குத்தான்."

நாத்தனார் எரு மூட்டையின் தையலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். சரி என்று எழுந்து வெளியே வந்தாள். தன் வரிசையில் உட்கார்ந்து, ஒரு பையை எடுத்து, அதை நிரப்பாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து சின்னவள் போனாள். அவளும் "எனக்கா?" என்றாள். அவளும் சரி என்று வெளியே வந்தாள். வரும்போது கண்ணீர் ஓடியது. முகத்தை அண்ணி இருக்கும் பக்கம் திருப்பாமல் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. ஒருத்தியும் தனக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. இப்படிப்பட்ட தைரியசாலிகளைத் தன் வேலையில் பார்த்ததில்லை என்று நர்ஸம்மா நினைத்துக்கொண்டாள். உங்களுக்குப் புரிந்திருக்கும், கண்ணுகளே. அந்த ஆறு பேரில் யாரும் தன்னைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை. ஆறு பேரும் அண்ணியைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். ஒரே செய்தியை ஆறு தடவை.

கடைசியில் அண்ணி போனாள். வெளியே வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். மூட்டையில் உட்கார்ந்து, நர்ஸம்மா சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"அவங்களுக்கும் இதேதானா?"

"மத்தவங்களுடையதை நான் சொல்லக்கூடாதும்மா."

"வேணாம், சொல்லாதீங்க," என்றாள் அண்ணி.

நர்ஸம்மா மேலிடத்துக்குத் தகவல் கொடுத்தாள். ஏழில் ஏழு என்பது எந்த ஊரிலும் கேள்விப்படாத கணக்கு. அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு அதிகாரி குடிநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். இன்னொருவர் மண்ணையும் பார்க்கலாம் என்றார். இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு பை மண்ணும் எடுத்துக்கொண்டு போனார்கள். மண் நன்றாக இருப்பதாகப் பிறகு எழுதினார்கள். மேஸ்திரி தன் பங்குக்கு, மரக்கன்றுகளுக்கு இது ஒட்டுமா என்று விசாரித்தார். மேலே இருக்கும் பெண்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு வண்டி வேண்டும் என்று நர்ஸம்மா வருஷக்கணக்காகக் கேட்டு வந்தாள். அந்த வண்டி இப்போது மறுவாரமே கிடைத்துவிட்டது.

இதற்குள் மேலே வேறு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அண்ணி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். மண் கலக்கும் வேலை நிறைய இருக்கிறது என்றாள். புருஷனுக்குச் சமைக்க வேண்டும் என்றாள். அந்த மனுஷன், நானே சமைத்துக்கொள்கிறேன் என்றார். நீங்கள் சமைத்தால் அப்புறம் உங்களையும் அல்லவா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவர் வாயை அடைத்தாள். நர்ஸம்மாவிடம் உண்மையைப் போட்டு உடைத்து, மற்ற ஆறும் பொய் என்று சொல்லிவிடுவதாகவும் மிரட்டினாள். அப்படிச் சொன்னால் கணக்கு ஒன்றாகிவிடும். ஒருத்திக்காக யார் வண்டி அனுப்பப் போகிறார்கள்.

அண்ணி வீட்டு வாசலில் ஆறு பேரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்குக் கிருமி இருக்குன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. நான் போயே ஆகணும்," என்றாள் நாத்தனார்.

"உனக்கு எங்கடி இருக்கு?"

"என் பேரு போட்ட குழாய்ல இருந்துச்சுல்ல? அப்ப எனக்குத்தான். எனக்கு ஆஸ்பத்திரியில எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது. நீ வந்து காட்டினா காட்டு. இல்லேன்னா நான் பாட்டுக்கு எங்கயாவது பிண அறைக்குள்ள போய் நிக்கிறேன்."

மற்ற ஐந்து பேரும் தங்களுக்கும் கிருமி இருப்பதாகவும், தங்களுக்கும் வழி தெரியாது என்றும் சொன்னார்கள். இத்தனை வருஷம் எல்லாருக்காகவும் கீழே போனவள், இப்போது வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? உங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுவேன், நான் உள்ளே வரமாட்டேன் என்று நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. வண்டியும் வந்தது. வெள்ளை வண்டி.

அண்ணி அதைப் பார்த்த இடத்திலேயே நின்றாள். நர்ஸம்மாவுக்கும் அந்தப் பழைய கதை தெரியும். வண்டியின் நிறத்தைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, நாம் பேருந்திலேயே போகலாம் என்றாள். பேருந்தில் ஏறினார்கள். ஆனால் வண்டி ஆஸ்பத்திரிவரை போய் வரவேண்டும் என்று ஓட்டுநருக்கு உத்தரவு. அவர் உத்தரவை மீறாதவர். ஆகவே ஏழு பெண்களும் நர்ஸம்மாவும் நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக, வெள்ளை வண்டி காலியாக வழி நெடுக அந்தப் பேருந்தின் பின்னாலேயே வந்தது. பேருந்து நின்ற இடத்தில் எல்லாம் அதுவும் நின்றது.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். முன்னாலேயே நர்ஸம்மா தொலைபேசியில் திரையைப் பற்றிச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. திரையின் அடியில் ஒரு படுக்கை விரிப்பைக் காகிதம் கவ்வும் கிளிப்புகளால் மாட்டித் தரைவரை தொங்க விட்டிருந்தார்கள். அறைக்கு வெளியே மர பெஞ்சு. ஏழு பேரும் அதில் நெருக்கி உட்கார்ந்தார்கள். யார் முதலில் என்று டாக்டர் கேட்டார். எப்போதும் அப்படிக் கேட்டால் எழுந்து நிற்கிறவள் அண்ணி. அன்றைக்கு அவள் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நாத்தனார் எழுந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. போகும்போது செருப்பைக் கழற்றி அண்ணியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"பத்திரமா வெச்சுக்க. ஒண்ணு ஆச்சுன்னா உன் தலையிலதான் போடுவேன்."

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். டாக்டர் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார், காடி மாதிரி ஏதோ தடவினார், கொஞ்சம் எரிந்தது, வேண்டாம் என்றால் நிறுத்துகிறேன் என்று மூன்று தடவை கேட்டார், அவ்வளவு நல்லவராக இருந்தால் நான் என்ன செய்வது என்று அலுத்துக்கொண்டாள். அடுத்து சின்னவள் போனாள். அவள் உள்ளே போனதும் டாக்டரிடம், எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும், அதில் கை வைக்க மாட்டீர்களே என்று கேட்டாளாம். வைக்க மாட்டேன், பார்க்க மட்டும்தான் செய்வேன் என்று டாக்டர் சொல்லி, பார்ப்பதை ஒரு கண்ணாடியில் அவளுக்கும் காட்டினாராம். அதை வெளியே வந்து அவள் விவரித்த விதத்தில், சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது.

மற்றவர்களும் அதே மாதிரி செருப்பை அண்ணியின் மடியில் விட்டுவிட்டு, ஆறு பேரும் போய் வந்தார்கள். டாக்டரின் முகத்தில் குழப்பம். ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, நாத்தனாருக்கு மட்டும் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு. மோசமான வகை என்று எழுதியிருக்கும் இடத்தில் இது எப்படி என்று நர்ஸம்மாவிடம் கேட்டார். ஆய்வுக்கூடத்தில்தான் ஏதோ தப்பு, புகார் எழுதவேண்டும் என்றார். நர்ஸம்மா பேனாவை எடுத்தாள்.

"அவங்களைத் திட்டாதீங்க," என்றாள் நாத்தனார். "அவங்க சரியாத்தான் பாத்திருக்காங்க. ஏழும் இவளோடது."

டாக்டருக்குப் புரியவில்லை. நாத்தனார் இன்னொரு தடவை, மெதுவாக, பைகளுக்கு மண் நிரப்புவதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். நர்ஸம்மா பேனாவை மூடினாள். இத்தனை நாளாக அவள் தூங்காமல் கிடந்தது, தண்ணீரைப் பரிசோதித்தது, கூட்டம் போட்டது எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. அவள் திட்டுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவள் அண்ணியைத்தான் பார்த்தாள். "ஏழு தடவை பாத்து, ஏழு தடவையும் இருக்குன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

"எல்லாரும் பாத்தாச்சுல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று அண்ணி எழுந்தாள். மடியில் இருந்த ஆறு ஜோடிச் செருப்பும் தரையில் விழுந்தன. யாரும் அதைப் பொறுக்கவில்லை. ஆறு பேரும் வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். அண்ணி வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் அனுப்ப இனி ஒருத்தியும் பாக்கி இல்லை.

"எனக்கு ஒரு வருஷமா ரத்தம் படுது," என்றாள் அண்ணி, யாரிடமும் இல்லாமல்.

திரைக்குள் போனாள்.

உள்ளே நேரம் ஆயிற்று. வெளியே நாத்தனார் வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டர் சின்னத் துண்டு ஒன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அந்த ஆறு பேருக்கும் புதிதாகக் குழாய் கொடுத்து, அங்கேயே, ஒவ்வொருத்தியாக, அவரவர் கையால் எடுக்க வைத்தார்கள்.

இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. அண்ணிக்குப் புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம், இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. இன்னும் ஒரு வருஷம் மண் கலக்கிக்கொண்டிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். நாத்தனாருக்கும் கிருமி இருந்தது. நோய் இன்னும் வரவில்லை, வரப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கருவியால் அந்தத் திட்டுக்குச் சூடு காட்டி, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை தனக்கு இருந்தது தன்னுடையதுதானா என்று அவள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் வார்டுக்கு வந்து, கையெழுத்துப் போடும் காகிதத்தை நீட்டினார். அண்ணி அதை வாங்கவில்லை.

"என்ன எடுப்பீங்க, என்ன விடுவீங்கன்னு முழுசா சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு தடவை என்றாள். டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அண்ணி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது எங்கே இருக்கிறது, இது எதற்கு, இதை எடுத்தால் அது எங்கே போகும் என்று கேட்டாள். பிறகு ஆறு பேரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்து, இவர்கள் முன்னாலும் ஒரு தடவை சொல்லுங்கள் என்றாள். வார்டு நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. டாக்டர் மட்டும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மூன்றாவது முறையும் முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்து, உங்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், நாளைக் காலையில்கூடச் சொல்லலாம், உள்ளே கொண்டுபோன பிறகுகூடச் சொல்லலாம் என்றார்.

அண்ணி அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உடம்பைப் பற்றி அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்க்காத மாதிரி ஆறு பேரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்கள்.

"சரி, எடுங்க," என்றாள். பெருவிரலை நீட்டினாள்.

எடுத்தார்கள். எடுத்ததின் ஓரங்கள் எல்லாம் நோயில்லாமல் சுத்தமாக இருக்கின்றன, வேறு மருந்து வேண்டாம், தவறாமல் வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மாதம் எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். அண்ணி கேட்டுக்கொண்டாள். நாத்தனார் அவள் வீட்டிலேயே பாய் போட்டுப் படுத்து, குடத்தின் பக்கம் அவள் திரும்பினாலே இருமினாள்.

மேலே இருந்த மற்ற பெண்கள் எல்லாரும் பிறகு தாங்களாகவே குழாய் கேட்டார்கள். சின்னவள் வீடு வீடாகப் போய் அந்தக் கண்ணாடிக் கதையைச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அது கொஞ்சம் வளர்ந்தது. நர்ஸம்மா பெரிய அட்டைப்பெட்டியோடு நாற்றங்காலுக்கு வந்தாள். தகரக் கதவு போட்ட கழிப்பறைக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கையில் ஒரு குழாய்தான், ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி உள்ளே போகக்கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். சொன்னதோடு விடவில்லை. மேஸ்திரியின் நாற்காலியை வாங்கித் தனக்குப் பக்கத்தில் போட்டு, கடைசிப் பெண் வெளியே வரும்வரை அண்ணியை அதில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.